கல்பனாவும் காசுப்பெட்டியும்

உதயசங்கரைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் இரு முகாம்களைச் சேர்ந்தவர்கள். ஒரு முகாமினர் அவரைத் தெய்வப் பிறவியாக்கி, மலர் தூவி, கண்ணீர் வடித்து, அத்துடன் தம் கடமை முடிந்ததென ஓய்ந்துவிடுகின்றனர். மற்றைய முகாமினரோ, எந்த ஆடல் மரபையும் முறையாகப் பயிலாதவர், ஐரோப்பியரின் கண்ணை மயக்கிய வித்தைக்காரர், கடைசியில் ஒரு படமெடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் என்று ஒரே மூச்சில் தீர்ப்பெழுதி விடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே தோன்றும் பகைமை மேற்போக்கானதே. கலைஞனை அவன் வாழ்ந்த சமுதாயத்திலிருந்து பெயர்த்தெடுத்துத் தனியே நிறுத்திப் பார்ப்பதில் இரு சாராரும் ஒற்றுமைப்பட்டவர்கள். யாருடைய பணத்தில் ஆடினான், யாருக்காக ஆடினான், யார் அவனைக் கைவிட்டனர் என்ற வினாக்களை எழுப்ப இருவருமே விரும்புவதில்லை. அவ்வினாக்களையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

வாழ்க்கை வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். 1900 டிசம்பர் 8ஆம் நாள் உதயப்பூரில் பிறந்தவர் உதயசங்கர். குடும்பம் வங்காள அந்தணக் குடும்பம். தந்தை சியாம் சங்கர் சௌத்ரி பாரிஸ்டர், ஜாலாவார் சமஸ்தானத்தில் உயர்பதவி வகித்தவர். மைந்தர் முதலில் நாடியது ஆடலை அன்று, ஓவியத்தை. பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் தொடங்கிய படிப்பு, 1920 முதல் இலண்டன் அரச கலைக் கல்லூரியில் வில்லியம் ரொதென்ஸ்ரைனின் கீழ்த் தொடர்ந்தது. அங்குதான் ருசிய நாட்டின் புகழ்பெற்ற நடனமாது அன்னா பாவ்லோவாவின் பார்வை அவர் மீது விழுந்தது. கீழைத்தேயக் காட்சிகள் சிலவற்றைத் தம் நிகழ்ச்சியிற் சேர்க்க விரும்பிய பாவ்லோவாவுக்கு, இந்து விவாகம் ஒன்றையும் கிருஷ்ணன் ராதை நடனத்தையும் அமைத்துக் கொடுத்தார் அவ்விளைஞர். 1923இல் இலண்டன் கொவென்ற் காடன் அரங்கில் பாவ்லோவா ராதையாக, உதயசங்கர் கிருஷ்ணனாக ஆடினர். பின்னர் அக்குழுவுடன் அமெரிக்கா சென்றார். அதைவிட்டு விலகியபின் பாரிஸ் நகரத்துக் கேளிக்கை விடுதிகளிலே பிழைப்புக்காக ஆடினார்.

இந்தத் தொடக்கத்தைச் சுட்டிக்காட்டியே, இவர் ஐரோப்பா உண்டாக்கிய பண்டம் என்று பழிப்போர் உளர். அப்பழிப்பில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. முதலாம் உலகப் போரினால் நொந்துபோன ஐரோப்பிய மேற்றட்டு வர்க்கம் கீழைத்தேயத்தின் ஆத்மீகத்தைத் தேடி அலைந்த காலம் அது. ஆனந்த குமாரசுவாமி அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தது 1917இல். சிவ நடனம் பற்றிய அவர்தம் கட்டுரைத் தொகுதி வெளிவந்தது 1918இல். ஈழத்துத் தமிழர் ஒருவரின் மைந்தரான அவ்வறிஞர் ஏட்டிலே விளக்கிய கலையை மேடையிலே காட்டவல்ல ஓர் உடலை மேற்றிசை எதிர்பார்த்து நின்றது. உதயசங்கர் அந்த எதிர்பார்ப்பின் நடுவே வந்து சேர்ந்தார். சுவிற்சலாந்துச் சிற்பியான அலிஸ் போனரின் துணையும் பொருளும் அவருக்குக் கிடைத்தன. 1930இல் இருவரும் இந்தியா முழுவதும் சுற்றி ஆடல்களையும் இசைக் கருவிகளையும் தேடினர். 1931 மார்ச் 3ஆம் நாள் பாரிஸ் நகரில் அவர்தம் சொந்தக் குழு அரங்கேறியது. அடுத்த ஆண்டின் இறுதியில் சொல் ஹூரொக் என்னும் அரங்க வர்த்தகர் அக்குழுவை அமெரிக்காவுக்கு அழைத்தார். திமிர் பரன், விஷ்ணுதாஸ் சிராலி, பின்னர் உஸ்தாத் அலாவுத்தீன்கான் ஆகிய இசை மேதைகள் அக்குழுவில் இருந்தனர். கடைசித் தம்பி ரவிசங்கரும் சிறுவனாக அதில் ஆடினார்.

ஐரோப்பா விரும்பிய இந்தியாவைத்தான் அவர் முதலிற் காட்டினார் என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அத்துடன் நின்றிருப்பாரேயானால் இக்கட்டுரைக்கு இடமே இல்லை. பணமும் புகழும் குவிந்த பாதையிலிருந்து 1938 அளவில் அவர் ஏன் திரும்பினார்? கிருஷ்ணனும் சிவனும் கந்தருவனும் ஆடிய மேடையிலே ஏன் 'வாழ்வின் லயம்' என்றும் 'உழைப்பும் இயந்திரமும்' என்றும் பெயர்கொண்ட ஆடல்களை ஏற்றினார்? வித்தைக்காரர் என்று ஏசுவோர் இதற்கு விடை கூறட்டும். வித்தைக்காரனுக்கு விலைபோகும் சரக்கை மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

இனி, தூய கலைவாதிகளின் பிரதான குற்றச்சாட்டுக்கு வருவோம். 'முறையாகக் குருமுகமாகப் பயிலாதவர்' என்பது அது. உதயசங்கர் கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியை ஆசிரியராக வரித்தவர் என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். அதுவன்று முக்கியம். இவர்கள் போற்றும் தூய்மைக்கு வயதென்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சதிர் என்று வழங்கிய ஆடல், பரதநாட்டியம் என்னும் பெயருடன் சென்னைச் சபாக்களிலே கௌரவம் பெற்றது 1930களில். அடையாற்றிலே கலாக்ஷேத்திரம் தோன்றியது 1936இல். அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தேவதாசியர் குலம் இழிவுக்கு ஆளாகி ஒதுக்கப்பட, அவர்களிடமிருந்து பெற்ற கலை உயர்குலத்தாரின் அணிகலனாயிற்று. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தபோது பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது, நன்று. ஆனால் கலையின் உரிமைப் பத்திரம் எவர் கைக்கு மாறிற்று என்பதைச் சட்டம் கேட்கவில்லை. நேற்று வாங்கிய நிலத்துக்கு ஆயிரமாண்டுப் பட்டயம் காட்டுவோர்தாம் இன்று உதயசங்கரிடம் பரம்பரை கேட்கின்றனர்.

நாம் உதயசங்கரையும் இவ்விடயத்தில் விட்டுவிடப் போவதில்லை. பாரிஸ்டரின் மைந்தர் ஆடினால் அது கலாசார மறுமலர்ச்சி, தேவதாசியின் மகள் ஆடினால் அது ஒழுக்கக்கேடு என்று கருதிய சமுதாயத்தில்தான் அவருக்குச் சுதந்திரம் கிடைத்தது. வர்க்கமும் வருணமும் அளித்த சலுகை அது. எனினும் ஓர் உண்மையைக் குறித்துக்கொள்வோம். அல்மோராவிலே தாம் நிறுவிய கலாநிலையத்துக்கு அவர் அழைத்து வந்தவர் யார்? தஞ்சை நால்வர் மரபில் வந்தவரும் பாலசரஸ்வதியின் ஆசானுமாகிய நட்டுவனார் கந்தப்பா பிள்ளை. மணிப்புரி ஆடலுக்கு அமோபி சிங், கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, இசைக்கு அலாவுத்தீன்கான். பரம்பரை ஆசிரியர்களைப் புறக்கணித்துத் தாமே குருவாகிய பெருமக்கள் பலர் அக்காலத்தில் இருந்தனர். உதயசங்கர் அவர்களைத் தேடிச் சென்று ஒரே கூரையின் கீழ் அமர்த்தினார். கந்தப்பா பிள்ளை 1941இல் காலமானமை தமிழ்நாட்டு ஆடலுக்கு மட்டுமன்றி அப்பரிசோதனைக்கும் பேரிழப்பாகும்.

இமயமலைச் சாரலில் அமைந்த அந்நிலையத்தில் ஆடல் மட்டும் கற்பிக்கப்படவில்லை. நடக்கக் கற்பிக்கப்பட்டது, பார்க்கக் கற்பிக்கப்பட்டது, ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு மாணவர் தாமே அசைவுகளைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. மனப்பாடத்தையே கல்வியெனக் கொண்டிருக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இது சிந்தனைக்குரியது. மலைக் கிராமத்து மக்கள் திரண்டு பார்க்கும் வண்ணம் இராமலீலையை நிழலாட்டமாக அங்கே அமைத்தார் உதயசங்கர். வெண்திரையில் ஒளியும் நிழலும் செய்யும் மாயத்தை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று கருத இடமுண்டு. சினிமாவுக்கு அவர் சென்ற வழி அந்த நிழலாட்டத்தின் வழியே போகிறது.

ஆனால் அல்மோரா எதன்மீது நின்றது? இங்கிலாந்தின் டாட்டிங்ரன் பண்ணையின் உரிமையாளர்களான எல்ம்ஹேஸ்ற் தம்பதியரின் நன்கொடை மீது. லெனாட் எல்ம்ஹேஸ்ற் தாகூரின் கிராமப் புனரமைப்புப் பணியில் துணை நின்ற நல்லவர். அவர் மனைவி டொறதி அமெரிக்கப் பெருஞ்செல்வர் குடும்பத்துப் பெண்மணி. அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. நல்லெண்ணத்தின் மீது கட்டப்படும் வீட்டுக்கு அத்திவாரம் வேறொருவர் நிலத்தில் இருக்கிறது என்பதே நாம் சொல்ல விரும்புவது. உலகப் போர் மூண்டது, பணமுடை ஏற்பட்டது, உட்பிணக்குகளும் எழுந்தன. 1944 அளவில் நிலையம் மூடப்பட்டது. மூடப்பட்டதைத் தடுக்க ஊரில் எவருமில்லை. ஏனெனில் நிலையம் ஊருடையதன்று.

இதே ஆண்டுகளைப் பற்றி இன்னொன்றையும் கூறாமற் செல்வது நேர்மையாகாது. 1943இல் வங்காளத்திலே இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். வங்கக் குடும்பத்து மைந்தரின் கலாநிலையம் அல்மோராவின் குளிர்ந்த மலையில் இருந்தது. அப்பஞ்சத்துக்கு ஆடல் மூலம் குரல் கொடுத்தவர்கள் அவருடைய மாணாக்கரும் தோழரும் ஆவர். அவருள் முதன்மையானவர் சாந்தி பர்தன். 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மத்திய குழுவில் அவர் சேர்ந்து 1944இல் 'இந்தியாவின் ஆன்மா', 1945இல் 'அழியா இந்தியா' ஆகிய நடன நாடகங்களை அமைத்தார்; பின்னதற்கு இசையமைத்தவர் ரவிசங்கர். கட்டணமும் கௌரவமும் தேடாத அக்குழு ஊரூராகச் சென்றது. அல்மோரா கற்பித்த அசைவுகள் அங்கே மக்களின் மொழியாயின. குரு தம் நிலையத்தைக் காக்க இயலாது தவித்த வேளையில், அந்நிலையத்தின் வித்து வேறொரு வயலில் முளைத்தது. உதயசங்கரைப் போற்றும் மலர்களில் சாந்தி பர்தனின் பெயரைத் தேடிப் பார்ப்பவர் ஏமாற்றமடைவர். 1954இல், இளம் வயதிலேயே, அவர் மறைந்தார்.

நிலையம் மூடிய பின் உதயசங்கர் வந்த இடம் சென்னை. ஜெமினி ஸ்ரூடியோவில், பல்லாண்டு உழைப்பில், அவர் எழுதி, இயக்கி, நடித்து, நடனமமைத்து உருவாக்கிய ஒரே கதைப்படம் 'கல்பனா'. ஒளிப்பதிவு செய்தவர் கே. ராம்நாத். இசை விஷ்ணுதாஸ் சிராலி. உரையாடல் அமிர்தலால் நாகர். பாடல்கள் இந்திக் கவிஞர் சுமித்திரானந்தன் பந்த். உதயனாக உதயசங்கரும் உமாவாக அவர் மனைவி அமலாவும் தோன்றினர். பின்னாளில் தமிழ்த் திரையுலகை ஆண்ட லலிதாவும் பத்மினியும் திரையில் முதன்முதல் ஆடியதும் இப்படத்திலேதான். 1948இல் படம் வெளியாயிற்று, வசூலில் வீழ்ந்தது.

'படம் விளங்கவில்லை, கதை கோவையாக இல்லை' என்பர். கதை சிக்கலானதுதான், சில இடங்களில் அலுப்பும் தட்டுகிறது. காதல் முக்கோணத்தை அவர் கையாண்ட விதம் அன்றைய சாதாரணப் படங்களை விட உயர்ந்ததன்று. இவற்றை மறைத்து வாதாடும் அவசியம் நமக்கில்லை. ஆயினும் ஆடலைப் படமெடுக்கும் முறையிலே அவர் நிகழ்த்திய மாற்றத்தைக் காண மறுப்பவர் கண்ணிருந்தும் குருடரே. அதுவரை நம் படங்களிலே ஆடல் என்பது சபாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீமான் காணும் காட்சி. கமெரா ஆசனத்தை விட்டு எழாது. ஆடுபவள் அதன்முன் வந்து ஆடிப்போவாள். உதயசங்கரின் கமெரா எழுந்து நடந்தது. கீழிருந்து நோக்கிற்று, ஓர் உருவின் மேல் மற்றோர் உருவை ஏற்றிற்று, நிழலையும் ஒளியையும் ஆடவைத்தது. ஒரு காட்சியின் முடிவும் அடுத்த காட்சியின் தொடக்கமும் தாளத்தோடு இணைந்தன. மேடையில் இயலாத ஆடலைத் திரைக்கென்றே படைத்த முதல் இந்தியர் வரிசையில் அவருக்கு இடமுண்டு.

அப்படத்தில் உழைப்பையும் இயந்திரத்தையும் பற்றிய பகுதி தனியே ஆராயத்தக்கது. மனித உடல்கள் வரிசையாய் நின்று பற்சக்கரமாகவும் நெம்புகோலாகவும் மாறுகின்றன. உழைப்பவன் உழைப்பின் கருவியாகவே ஆகிவிடும் நிலையை, எந்தச் சொல்லுமின்றி, தோளும் முழங்கையும் கூறிவிடுகின்றன. பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு மணிநேரம் விளக்குவதை அக்காட்சி சில நிமிடங்களில் விளக்குகிறது. நம் விமர்சனமும் இங்கேதான் எழுகிறது. இயந்திரத்தின் மீது விழும் வெளிச்சம் இயந்திரத்தின் உடைமையாளன் மீது அதே அளவிற்கு விழவில்லை. பூதம் இரும்பிலே இருக்கிறது என்ற மயக்கம் எஞ்சுகிறது. கிராமமும் கைத்தொழிலும் புகலிடமாகக் காட்சி தருகின்றன. காந்திய காலத்து அறிவாளர் பலரின் எல்லை அது. உதயசங்கர் அவ்வெல்லையைத் தாண்டவில்லை. ஆனால், தாண்டாதவர் என்பதற்காக அவர் எட்டிய தொலைவை அளக்காது விடுவதும் விமர்சனமன்று. சில முற்போக்கு நண்பர்கள் கொள்கை அளவுகோலை முதலில் எடுத்துவிட்டுக் கலையை அதன்பின் தேடுகின்றனர். தோளும் முழங்கையும் பேசிய மொழியைக் கற்காமல் அதன் கொள்கைப் பிழையை மட்டும் திருத்துவோர், எழுத்துப் பிழை திருத்திக் கவிதையைத் தொலைக்கும் ஆசிரியரைப் போன்றவர்.

படத்தின் சட்டகத்தைக் கவனியுங்கள். ஓர் எழுத்தாளன் படத் தயாரிப்பாளர் ஒருவரிடம் தன் கதையைச் சொல்கிறான். நாம் காணும் உதயனின் வாழ்வும் கனவும், மலையடிவாரத்தில் அவன் எழுப்பும் கலாகேந்திரமும், யாவும் அவன் சொல்லும் கதையே. முடிவில் தயாரிப்பாளர் அதனை ஏற்க மறுக்கிறார். காசு தராத கதை அவருக்கு எதற்கு? தம் படத்துக்கு நேரப்போகும் கதியை உதயசங்கர் தம் படத்துக்குள்ளேயே எழுதிவைத்தார். அல்மோராவை மூடிய கையும் கல்பனாவை மறுக்கும் கையும் ஒன்றே என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் அக்கையினிடமே மீண்டும் சென்று நின்றார். வேறு கை அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. அதுவே நாம் அவர்மீது கூறும் உண்மையான குறை. சாந்தி பர்தனுக்குத் தென்பட்டதே!

அதே 1948ஆம் ஆண்டு, அதே ஜெமினி ஸ்ரூடியோவிலிருந்து வேறொரு படம் வெளிவந்தது. எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா'. பிரமாண்டமான முரசுகளின் மீது பெண்கள் ஆடும் அக்காட்சியைக் கேள்விப்படாத தமிழர் அரியர். தமிழில் ஏப்ரலிலும் இந்தியில் அவ்வாண்டின் இறுதியிலும் வெளிவந்து, தென்னகத்துப் படத்துக்கு வட இந்தியச் சந்தையைத் திறந்துவிட்டது அது. முரசு நடனத்தின் அமைப்பும் ஒழுங்கும் வியக்கத்தக்கனவே. வாசனின் திறமையை நாம் குறைத்துக் கூறோம். ஆனால் கூட்டமாக ஆடும் உடல்கள் கல்பனாவில் எதைக் கூறின, இங்கே எதைக் கூறுகின்றன? அங்கே உழைப்பாளி சக்கரமாகிறான்; ஆகி, அதன் கொடுமையை உணர்த்துகிறான். இங்கே முரசுக்குள்ளிருந்து வீரர் பாய்ந்து அரண்மனையைப் பிடிக்கின்றனர். அரசு பழைய அரச குடும்பத்துக்கே மீளுகிறது. ஒரே கூடத்தில் எழுந்த இரு கூட்டாடல்களில், சந்தை எதற்கு மாலையிட்டது, எதற்குக் கதவடைத்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 'மக்களே கல்பனாவை மறுத்தனர்' என்று கூறுவோர், மக்களுக்கு எத்தனை கொட்டகையில், எத்தனை நாள், எவ்வளவு விளம்பரத்துடன் அப்படம் காட்டப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். ஊட்டாத உணவை உமிழ்ந்தான் என்பது என்ன வழக்கு?

அல்மோராவின் இன்னொரு மாணவர் குருதத். 1942இல் பதினேழு வயதை எட்டாத இளைஞராய் அங்கு சேர்ந்தவர். நிலையம் மூடியபின் புனே நகரத்துப் பிரபாத் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்து, 1946இல் 'ஹம் ஏக் ஹைன்' என்ற படத்துக்கு நடனம் அமைத்தார். 1951இல் 'பாஸி' மூலம் இயக்குநரானார். ஆடலமைப்பாளர் இயக்குநராகும் பாதையில் குருவைத் தொடர்ந்த சீடர். 'பியாசா'வில் கவிஞனை அவன் சாவுக்குப்பின் போற்றும் சமூகத்தைச் சாடிய குருதத், 1959இல் 'காகஸ் கே பூல்' எடுத்தார். படமுதலாளிகள் கைவிட்ட ஓர் இயக்குநரின் அழிவே அதன் கதை. அதுவும் வசூலில் வீழ்ந்தது. அதன்பின் அவர் தம் பெயரில் படம் இயக்கவில்லை. 1964இல், 39 வயதில், மறைந்தார். ஆசிரியரும் மாணவரும் பதினோராண்டு இடைவெளியில் ஒரே கதையைச் சொல்லி ஒரே விதமாகத் தண்டிக்கப்பட்டதை, தனிமனிதரின் துரதிர்ஷ்டம் என்று சோதிடரிடம் விட்டுவிடலாமா?

உதயசங்கர் அதன்பின் கதைப்படம் எடுக்கவில்லை. எனினும் ஓய்ந்தாரல்லர். 1961இல், தாகூர் நூற்றாண்டில், அவர் அமைத்த 'சாமான்ய க்ஷதி' நம் கருத்தில் அவர்தம் பிற்காலப் படைப்புகளுள் தலையாயது. குளிர்காய்வதற்காக ஏழைகளின் குடிசைகளைக் கொளுத்தும் அரசி, அந்த நட்டத்தை அற்பமென எண்ணுகிறாள். அரசன் அவளை அக்குடிசை வாழ்வின் வறுமைக்கே அனுப்புகிறான். தாகூரின் கவிதையை மேடைக்குக் கொணர்ந்தபோது, சிவனும் கந்தருவனும் ஆடிய கால்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டன என்பது புலனாயிற்று. 1970இல் திரையையும் மேடையையும் இணைத்து 'சங்கர்ஸ்கோப்' என்றொரு புதுமையைக் கல்கத்தாவில் நிகழ்த்தினார். 1971இல் பத்மவிபூஷண் வழங்கப்பட்டது. 1977 செப்டம்பர் 26இல் காலமானார்.

படத்தின் கதை இன்னும் முடியவில்லை. கல்பனாவின் உரிமை யாருக்கு என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. பல்லாண்டு காலம் மக்கள் அதனைக் காண்பது அரிதாயிருந்தது. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பேணிய பிரதிகளைக் கொண்டு, அமெரிக்க இயக்குநர் மாட்டின் ஸ்கொர்செசியின் உலக சினிமா நிறுவனம், இத்தாலியின் பொலோஞா நகரில் அதனைப் புதுப்பித்தது. 2012இல் கான் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த அமலா சங்கர் அங்கு வீற்றிருந்தார். 2020இல் அவரும் மறைந்தார். கான் நகரம் கைதட்டிய பின்னரே நம்மவர் பலருக்குக் கல்பனாவின் பெருமை தெரியவந்தது. 1923இல் கொவென்ற் காடனின் கைதட்டலைக் கேட்டுத்தான் இந்தியக் கனவான்கள் உதயசங்கரைத் திரும்பிப் பார்த்தனர்; எண்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் காதின் பழக்கம் மாறவில்லை!

இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். நடனத்தையும் சினிமாவையும் 'பாடத்துக்குப் புறம்பானவை' என ஒதுக்கும் வழக்கத்தை விட்டு, மேல்வகுப்பு மாணவர்க்கு இவற்றைக் காட்டுங்கள். முழுப் படமும் வேண்டாம். இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தை ஒரே மூச்சிற் பார்க்கும் பொறுமை இக்காலத்து இளைஞரிடம் அரிது. முதலில் சந்திரலேகாவின் முரசு நடனத்தைக் காட்டுங்கள். அது அவர்களைக் கவரும். உடனே கல்பனாவின் இயந்திரப் பகுதியைக் காட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் எதுவும் பேச வேண்டாம். பின்னர், இரண்டிலும் ஆடியவர் யாராக ஆடினர் என்ற ஒரு வினாவை மட்டும் கரும்பலகையில் எழுதி, அவர்களைப் பேசவிடுங்கள்.